உறைபனி நாட்டில் இடிபாட்டு ஜல்லி: எந்த உறுப்புக்கு எதைப் போடலாம்?

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, கனடா போன்ற நாடுகளில் கட்டுமானத் துறையில் நம் ஆட்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் முன் அடிக்கடி வந்து நிற்கும் ஒரு முடிவைப் பற்றி எழுதுகிறேன். ஐம்பது வருடப் பழைய கட்டடம் ஒன்றை இடித்துவிட்டு, அதே மனையில் நான்கு மாடிக் குடியிருப்பு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே கார் நிறுத்தும் தளம், அதற்குள் இறங்க ஒரு சாய்தளம், மேலே வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே நீட்டிய பால்கனி. இடித்த கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கி, புதுக் கட்டடத்துக்கே போடலாமா? போடலாம் என்றால் எங்கே, எவ்வளவு?

பேச்சுக்கு வரும் வழிகள் பொதுவாக நான்கு. ஒன்று, பழையபடி முழுக்கக் குவாரி ஜல்லி. இரண்டாவது, அதில் கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோ குறைத்து, அந்த இடத்தில் இடிபாட்டு ஜல்லி. மூன்றாவது, பெரிய ஜல்லி மொத்தமும் இடிபாட்டிலிருந்து. நான்காவது, இடிபாட்டு ஜல்லியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஏறக்குறையப் புதுக்கல் தரத்துக்குக் கொண்டுவந்து போடுவது.

கூட்டம் போட்டால் பேச்சு உடனே "எத்தனை சதவீதம்?" என்று போய்விடும். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. அந்த உறுப்பு நனைந்த நிலையில் உறையுமா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அப்புறம், உடைத்த பழைய கான்கிரீட்டுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் இருந்தனவா என்பது தெரிய வேண்டும். இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் சதவீதம் ஏறக்குறைய தானாகவே அமைந்துவிடும்.

கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால்

இடிபாட்டு ஜல்லி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பழைய கருங்கல்லோ ஆற்றுக் கூழாங்கல்லோ தெரியும். மற்ற பக்கங்களில் பழைய சிமென்ட் காரை சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டினால் சில துண்டுகளில் மாவாக உதிரும், சிலவற்றில் அசையவே அசையாது. தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துத் துடைத்து வைத்தால், கல் பகுதி சீக்கிரம் காய்ந்து வெளுத்துவிடும். காரைப் பகுதி நெடுநேரம் ஈரமாகக் கருத்தே கிடக்கும். வலிமைக் குறைவு, உறைபனிச் சேதம், தளத்தில் கலவை இறுகிப் போவது என்று எல்லாத் தொல்லையும் அந்தக் கருத்த பகுதியிலிருந்துதான் கிளம்புகிறது.

எடையில் கால்பங்கிலிருந்து பாதிக்கு மேல்கூட இந்தக் காரை இருக்கலாம். நல்ல கருங்கல் ஜல்லி தன் எடையில் அரை முதல் ஒன்றரை சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். இடிபாட்டு ஜல்லி 3 முதல் 8 சதவீதம் வரை குடிக்கும். கருங்கல்லின் ஒப்படர்த்தி 2.6, 2.7 என்று இருந்தால், இது 2.3, 2.4 அளவில் நிற்கும். துகள் சிறுக்கச் சிறுக்கக் காரையின் பங்கு கூடும். ஆகவே 4 மி.மீ.க்குக் கீழே விழும் தூளையும் மணலையும் கட்டமைப்புக் கான்கிரீட்டில் சேர்க்காமல் ஒதுக்குவதே நல்லது. இனிமேல் நான் பேசுவது பெரிய ஜல்லியைப் பற்றி மட்டும்.

வலிமை: பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை

பெரிய ஜல்லியில் 20, 30 சதவீதம் வரை மாற்றினால் க்யூப் சோதனையில் (கான்கிரீட் கனசதுரத்தை அமுக்கி உடைத்து வலிமை பார்ப்பது) பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரே கான்கிரீட் பிளான்ட்டில் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் வரும் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அது மறைந்துவிடும். மொத்தமும் மாற்றினால், அதே நீர்-சிமென்ட் விகிதத்தில் அமுக்க வலிமை 10 முதல் 25 சதவீதம் வரை குறையலாம். இந்த வீச்சு இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய காரை புதுக் காரையைவிட வலுவாக இருந்தால் இழப்பு கிட்டத்தட்ட இல்லை. புதுக் காரை வலுவானால், பழைய காரையும் அது கல்லோடு ஒட்டியிருக்கும் இடமும்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். எனவே 25, 30 மெகாபாஸ்கல் கான்கிரீட்டுக்குக் கவலை குறைவு. 50க்கு மேல் போகும்போது பழைய கட்டடத்தின் கான்கிரீட் எந்தத் தரம் என்பது உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிக்கும்.

நீர்-சிமென்ட் விகிதத்தைக் குறைத்து இழந்த வலிமையை மீட்டுவிடலாம். தண்ணீர் குறைக்கும் அட்மிக்சர் (கலவையில் சேர்க்கும் வேதிப்பொருள்) போட்டுக் குறைத்தால் சரி. சிமென்டைக் கூட்டி மீட்டால் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும்: கான்கிரீட்டின் கார்பன் கணக்கில் பெரும்பங்கு சிமென்டுக்குத்தான், ஜல்லியின் பங்கு சொற்பம். இடிபாட்டு ஜல்லி போட்டோம் என்பதற்காகக் கனமீட்டருக்கு 30 கிலோ சிமென்ட் அதிகம் போட்டால், கார்பனில் மிச்சம் இல்லை, நஷ்டம்தான். இந்த ஜல்லியின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. மலையை உடைப்பது குறைகிறது, இடிபாட்டைக் கொட்ட நிலம் தேவைப்படுவது குறைகிறது, நகரத்துக்குள்ளேயே கிரஷர் இருந்தால் லாரி ஓட்டமும் குறைகிறது. எனக்கு இந்த லாபங்களே போதுமானவை. குவாரிக்காக ஒரு மலை காணாமல் போவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

வலிமையைவிட நான் அதிகம் கவனிக்கச் சொல்வது விறைப்பை. மொத்த ஜல்லியையும் மாற்றினால் விறைப்பைக் காட்டும் மீள்தன்மைக் குணகம் 20 முதல் 40 சதவீதம் வரை குறையும் என்பது பரவலாகக் கண்ட விஷயம். உலர்ந்து சுருங்குவதும், நீண்டகாலப் பாரத்தில் மெதுவாகத் தொய்வதும் கூடும். சிமென்டை ஏற்றி க்யூப் வலிமையை மீட்டுவிட்ட வடிவமைப்பாளர், குணகத்தைப் பழைய சூத்திரத்திலேயே போட்டுவிடுவார். இரண்டு வருடம் கழித்துப் பால்கனி முனை தாழ்ந்திருக்கும். நீளத் தளங்களுக்கும் நீட்டிய உறுப்புகளுக்கும் மூன்றாவது வழி எனக்குப் பிடிக்காமல் போவதற்கு உறைபனிக்கும் முன்னதாக இதுவே ஒரு காரணம்.

உறைபனி: கணக்கே வேறு

நீர் உறைந்தால் கொள்ளளவு சுமார் 9 சதவீதம் பெருகும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் நீர் ஏறக்குறைய நிரம்பியிருக்கும்போது உறைந்தால், பனிக்கட்டிக்கு விரிய இடம் கிடைக்காது. எஞ்சிய நீரை அது தள்ளும், அந்த அழுத்தத்தில் காரை விரியும். ஒரு இரவில் ஒன்றும் தெரியாது. உறைவதும் உருகுவதும் நூறு, இருநூறு முறை நடக்கும்போது உள்விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும்.

இதற்கு மருந்து 1930களில் அமெரிக்காவில் கிடைத்தது. காற்றுக் குமிழ்களை உண்டாக்கும் பொருளைக் கலவையில் சேர்த்த சாலைகள் பனியில் பிழைத்து நின்றன. பின்னர் 1940களில் டி.சி. பவர்ஸ் என்ற ஆய்வாளர் அதற்கு விளக்கம் தந்தார். கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் காரை முழுக்கப் பரவியிருந்தால், தள்ளப்படும் நீர் பக்கத்துக் குமிழுக்குள் ஓடி ஒதுங்கிவிடும். எந்தப் புள்ளியிலிருந்தும் அருகிலுள்ள குமிழுக்கான தூரம் சுமார் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்ற அளவு இன்றும் நடைமுறையில் உள்ளது. இதற்காகக் கான்கிரீட்டில் மொத்தம் 4 முதல் 7 சதவீதம் காற்று வைக்கிறார்கள். ஒவ்வொரு சதவீதக் காற்றுக்கும் வலிமையில் சுமார் 5 சதவீதம் போகும். உறைபனி நாட்டில் அதைத் தெரிந்தேதான் கொடுக்கிறார்கள்.

இனி இடிபாட்டு ஜல்லிக்கு வருவோம். கலவையில் நீங்கள் போடும் அட்மிக்சர் புதுக் காரைக்குள் மட்டுமே குமிழ்களை உண்டாக்கும். ஜல்லியோடு ஒட்டிவந்த பழைய காரை ஏற்கனவே இறுகி முடிந்த பொருள். அதற்குள் புதிதாக ஒரு குமிழைக்கூட நுழைக்க முடியாது. பழைய கட்டடத்தின் உள்தளத்துக்குப் போட்ட கான்கிரீட்டில் குமிழ்கள் இருந்திருக்காது, தேவையும் இருந்திருக்காது. அந்தக் காரை இப்போது நன்றாக நீர் குடித்த நிலையில் பால்கனிக்குள் வந்து உட்காருகிறது. சுற்றிலும் குமிழ் நிறைந்த புதுக் காரை இருந்தாலும், உள்ளே இந்தத் துண்டு விரிந்து தன்னைச் சுற்றியுள்ளதைப் பிளக்கும்.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. கோக்சே, நகதாக்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஜப்பானிய ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. குமிழ் உள்ள பழைய கான்கிரீட்டிலிருந்து வந்த ஜல்லி ஒரு பக்கம், குமிழ் இல்லாததிலிருந்து வந்தது மறுபக்கம். இரண்டையும் குமிழ் உள்ள புதுக் கான்கிரீட்டில் போட்டு உறைய வைத்து உருக்கினார்கள். முதலாவது நன்றாகத் தாங்கியது. இரண்டாவது, புதுக் காரையில் சரியான அளவு காற்று இருந்தும், மோசமாகத் தேறியது. ஒட்டிய காரையில் ஒரு பகுதியை நீக்கிப் பார்த்தபோதும் குறை முழுக்கத் தீரவில்லை.

இன்னொரு பொறி உண்டு. "வலிமையை 50க்கு ஏற்றிவிட்டால் குமிழே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். புதுக்கல் கான்கிரீட்டில் அதற்கு அர்த்தம் உண்டு. நீர்-சிமென்ட் விகிதம் மிகக் குறைவாக இருந்தால் உறையக்கூடிய நீரே உள்ளே அதிகம் இருக்காது. இடிபாட்டு ஜல்லியில் அந்த வாதம் நிற்காது. புதுக் காரையை எவ்வளவு நெருக்கமாக்கினாலும், பழைய காரையின் துளைகள் பழையபடியே இருக்கின்றன. க்யூப் உடைத்துக் கிடைத்த எண்ணை வைத்து உறைபனித் தாங்குதிறனைக் கணிப்பது, இந்த ஜல்லியைப் பொறுத்தவரை, ஆபத்தான பழக்கம்.

விதிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன

ஐரோப்பிய விதி இ.என். 206 சூழலை வகை பிரிக்கிறது. மழை படும் செங்குத்துச் சுவர், உப்பு இல்லாமல் உறையும் என்றால் எக்ஸ்.எஃப்.1. உப்போடு சேர்ந்தால் எக்ஸ்.எஃப்.2. மழைநீர் தேங்கும் கிடைத்தளம் எக்ஸ்.எஃப்.3. அதில் பனி உருக்கும் உப்பும் விழுந்தால் எக்ஸ்.எஃப்.4. நம் உதாரணக் கட்டடத்தில் வெளிச்சுவர் முதல் வகை, பால்கனி மூன்றாவது, கார் சாய்தளம் நான்காவது.

அந்த விதியின் 2013 பதிப்பு, 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமான கான்கிரீட் துண்டுகள் கொண்ட ஏ வகை ஜல்லியை, உலர்ந்த அல்லது சாதாரண ஈரச் சூழலிலும் எக்ஸ்.எஃப்.1 வரையிலும் பெரிய ஜல்லியில் 30 சதவீதம் அனுமதிக்கிறது. துருவும் உறைவும் இல்லாத சூழலில் 50 வரை போகலாம். செங்கல் கலந்த பி வகைக்கு உறைபனிச் சூழலில் இடமே இல்லை. எக்ஸ்.எஃப்.2 முதல் 4 வரை இரண்டு வகைக்கும் பூஜ்யம். ஒரே ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது: மூலம் தெரிந்த ஏ வகை ஜல்லி என்றால், பழைய கான்கிரீட் எந்தச் சூழலுக்கு வடிவமைக்கப்பட்டதோ அதே சூழலுக்கு 30 சதவீதம் வரை போடலாம். ஜப்பானிய ஆய்வு சோதனைக்கூடத்தில் கண்டதும் இந்த அடிக்குறிப்பும் ஒன்றையேதான் சொல்கின்றன. விதிப்புத்தகத்தில் நான் மிகவும் மதிக்கும் வரிகளில் இது ஒன்று.

ஜெர்மனியின் கட்டமைப்புக் கான்கிரீட் குழு வெளியிட்ட வழிகாட்டி கொஞ்சம் தாராளம். உறைபனி படாத சூழலில் முதல் வகை ஜல்லிக்கு (பெரும்பாலும் கான்கிரீட் துண்டுகள்) 45 சதவீதம், எக்ஸ்.எஃப்.1, எக்ஸ்.எஃப்.3 இரண்டுக்கும் 35 சதவீதம், அதுவும் சி30/37 என்ற வலிமைத் தரம் வரை. உப்பு வரும் எக்ஸ்.எஃப்.2, எக்ஸ்.எஃப்.4 அங்கேயும் கிடையாது.

ஜப்பான் வேறு பாதையில் போனது. எங்கே போடுகிறீர்கள் என்பதற்கு முன்னால், ஜல்லியையே மூன்று தரமாகப் பிரித்தது. எச் தரம் 3 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது, எம் தரம் 5, எல் தரம் 7. 2005 முதல் 2007 வரை மூன்றுக்கும் தனித்தனித் தரவிதிகள் வந்தன. எச் தரத்தைப் புதுக்கல் மாதிரியே எங்கும் போடலாம். எம் தரம் உலர்தலும் உறைதலும் படாத நிலத்தடி உறுப்புகளுக்கு என்று தொடங்கியது. எல் தரம் சமன் கான்கிரீட் (அஸ்திவாரத்துக்கு அடியில் மட்டம் செய்யப் போடுவது), நிரப்பு வேலை போன்றவற்றோடு சரி.

நான் மேலே சொன்ன நான்காவது வழி இந்த எச் தரம்தான். ஜல்லியைச் சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கினால் காரை பலமிழக்கும். அப்புறம் உருளையில் போட்டு உருட்டித் தேய்த்துக் காரையை உதிர்ப்பார்கள். விளைவு அருமையாக இருக்கும். ஆனால் அதற்கு எரிபொருள் செலவாகும், தேய்த்து உதிர்ந்த தூள் மலையாகக் குவியும், அந்தத் தூளுக்கும் ஒரு வழி பார்க்க வேண்டும். நல்ல கருங்கல் பக்கத்திலேயே கிடைக்கும் ஊரில் இது கட்டுப்படியாகாது. கல்லே கிடைக்காத பெருநகரத்துக்கு, அதுவும் வெளிப்புற உறுப்புகளுக்கு என்றால் யோசிக்கலாம்.

பிரித்துப் போட்ட ஓர் உதாரணம்

இந்த விவாதத்தில் நான் எப்போதும் காட்டுவது ஆஸ்திரியாவின் மேற்கு நெடுஞ்சாலையை. வியன்னாவையும் சால்ஸ்பர்கையும் இணைக்கும் அந்தச் சாலையைப் புதுப்பித்தபோது, 1990களின் தொடக்கத்திலிருந்து, பழைய கான்கிரீட் தளத்தை உடைத்துச் சலித்து அதே சாலைக்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. கான்கிரீட் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் உடைத்த பழைய ஜல்லி. சக்கரமும் உப்பும் நேராகப் படும் மெல்லிய மேல் அடுக்கில் புதிய கடினக்கல். 4 மி.மீ.க்குக் கீழான தூளைக் கான்கிரீட்டில் சேர்க்காமல் அடித்தளத்தை உறுதிப்படுத்தக் கொண்டுபோனார்கள். மூலப்பொருள் முழுக்க அந்தச் சாலையுடையது, அதன் தரம் தெரியும், அது பனியில் பல வருடம் நின்று காட்டியது. இப்படி யோசித்துச் செய்த வேலை "100 சதவீதம் மறுசுழற்சி" என்ற பலகையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கட்டடங்களுக்குச் சூரிச் நகரம் நல்ல முன்மாதிரி. நகராட்சி தன் கட்டடங்களில் 2000களிலிருந்தே மறுசுழற்சிக் கான்கிரீட்டை வலியுறுத்தி வருகிறது. 2004இல் முடிந்த இம் பிர்ச் பள்ளி அதன் தொடக்ககாலப் பெரிய கட்டடங்களில் ஒன்று. அங்கே நம் தமிழர்கள் பலரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலும் இத்தகைய சுவர்கள் இருக்கக்கூடும். கூரைக்குக் கீழே, காய்ந்த நிலையில், அந்தச் சுவர்களுக்கு உறைபனி ஒரு பொருட்டே இல்லை.

நம் கட்டடத்துக்கு என் தேர்வு

அஸ்திவாரம், உள்தூண்கள், உள்சுவர்கள், வீட்டுத் தளங்கள் எல்லாம் இரண்டாவது வழிக்கு ஏற்றவை. மொத்தக் கான்கிரீட்டில் பெரும்பகுதி இவைதான், ஆகவே இடிபாட்டில் பெரும்பகுதி இங்கேயே செலவாகிவிடும். 30 சதவீதம் தாராளமாகப் போடலாம். நீளத் தளங்களில் மட்டும் குணகத்தைச் சோதித்து எடுத்த எண்ணை வடிவமைப்பில் போடுங்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் சமன் கான்கிரீட்டில் மூன்றாவது வழி, அதாவது முழு மாற்று, எந்தத் தயக்கமும் இல்லாமல் சரி.

கார் சாய்தளத்துக்கு முதல் வழி. உப்பு, தேங்கிய நீர், சக்கரத் தேய்ப்பு மூன்றும் சேரும் இடத்தில் குவாரிக் கல்லே போடுங்கள். அளவும் சிறியது, இங்கே மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

வெளிச்சுவருக்கு 30 சதவீதம், நல்ல காற்றோடு. மழைநீர் வடிந்துவிடும் சுவர் முழுக்க ஊறுவதில்லை. அடிப்பகுதியில் பனி குவிந்து கிடக்கும் ஓர் அரை மீட்டரைத் தனியாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

பால்கனியில்தான் உண்மையான விவாதம். ஜெர்மன் வழிகாட்டி 35 என்கிறது, ஐரோப்பியப் பொதுவிதி மூலம் தெரிந்தால் 30, இல்லாவிட்டால் பூஜ்யம் என்கிறது. எனக்கு இரண்டாவதே ஏற்புடையது. பழைய கட்டடத்தின் உள்தளத்திலிருந்து வந்த ஜல்லியைப் பால்கனிக்குப் போட மாட்டேன். இடித்த பாலத்திலிருந்தோ கான்கிரீட் சாலையிலிருந்தோ, குமிழ் இருந்தது உறுதியான ஜல்லி கிடைத்தால் போடுவேன். அங்கேயும் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. சாலையும் பாலமும் பல வருடம் உப்பு குடித்தவை. உறைபனிக்கு நல்ல மூலம், கம்பிக்குக் கெட்ட மூலமாக இருக்கலாம். குளோரைடு அளவைச் சோதிக்காமல் கம்பி உள்ள உறுப்பில் அதைச் சேர்க்கவே கூடாது. கம்பி இல்லாத நடைபாதைக் கட்டை, வெளிப் படிக்கட்டு போன்றவை அதற்குப் பொருத்தமான இடங்கள்.

பிளான்ட்டிலும் தளத்திலும்

இந்த ஜல்லி காய்ந்து கிடந்தால் கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும். லாரி வந்து சேர்வதற்குள் ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்ற அளவு) பாதியாகிவிடும், ஆள் குழாயைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார், வலிமையும் உறைபனித் தாங்குதிறனும் ஒன்றாகப் போய்விடும். அதைத் தடுக்க முன்கூட்டியே ஜல்லியை நனைக்கிறார்கள். நனைக்க வேண்டும், முழுக்க ஊறவைக்கக் கூடாது. துளைகள் நிரம்பிய ஜல்லி சீக்கிரமே உறைபனியைச் சந்தித்தால் சேதத்துக்கு நாமே வழிசெய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். வெளிப்புற உறுப்புகளை இலையுதிர்காலக் கடைசியில் போடாமல், உலர நாள் கிடைக்கும் பருவத்தில் போடுவது இதனால் இன்னும் முக்கியமாகிறது. எந்தக் கான்கிரீட்டும் முதல் உறைதலைச் சந்திக்கும் முன் குறைந்தது 3.5 மெகாபாஸ்கலாவது எட்டியிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. திரும்பத் திரும்ப உறையும் என்றால் அது எந்த வகையிலும் போதாது.

காற்றை அளப்பதிலும் கவனம் வேண்டும். வழக்கமான அழுத்தமுறை மீட்டர், ஜல்லியின் துளைக்குள் இருக்கும் காற்றையும் சேர்த்து எண்ணிவிடும். மீட்டர் 6 காட்டும். காரைக்குள் இருப்பது 4 மட்டுமே என்றால் பாதுகாப்பு அங்கே இல்லை. ஜல்லிக்கான திருத்த எண்ணை முதலில் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும், அல்லது உருட்டிக் குலுக்கி அளக்கும் கொள்ளளவு முறைக்குப் போக வேண்டும்.

வெளிப்புற உறுப்புக்கு உறைதல்-உருகுதல் சோதனை இல்லாமல் கலவையை ஒப்புக்கொள்ளாதீர்கள். அமெரிக்க முறையில் மாதிரியை 4 டிகிரிக்கும் மைனஸ் 18 டிகிரிக்கும் இடையே 300 சுற்று வரை ஓட்டி, விறைப்பு எவ்வளவு மிஞ்சியது என்று பார்ப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். அட்டவணையில் அதற்கு நாள் ஒதுக்கத் தயாரில்லாதவர்கள் பால்கனிக்குக் குவாரி ஜல்லியைப் போட்டுவிடுவதே நேர்மை.

இந்திய விதிகளை வைத்துப் பார்த்தால்

ஜல்லிக்கான இந்திய விதி ஐ.எஸ். 383இன் 2016 பதிப்பு, கம்பி உள்ள கான்கிரீட்டில் இடிபாட்டுக் கான்கிரீட் ஜல்லியை 20 சதவீதம் வரை, எம்25 தரம் (25 மெகாபாஸ்கல் வலிமை) வரை மட்டும் அனுமதிக்கிறது. கம்பி இல்லாததில் 25 சதவீதம். எம்15க்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் முழுக்கவும் போடலாம். சென்னையிலோ கோவையிலோ கட்டுபவருக்கு இத்தோடு கதை முடிந்தது, உறைபனிக் கேள்வியே எழாது. ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் புல்மேல் வெள்ளையாகப் படிகிறதே என்று கேட்கலாம். மேல்பரப்பில் படியும் அந்த உறைபனி வேறு, நனைந்த கான்கிரீட்டின் துளைகளுக்குள் நீர் உறைவது வேறு. ஊட்டிக் கட்டடங்களுக்கு இது ஒரு வடிவமைப்புப் பிரச்சினை ஆகாது.

லேயிலோ ஸ்ரீநகரிலோ வேலை பார்ப்பவருக்கு நிலைமை வேறு. கான்கிரீட்டுக்கான இந்திய விதி ஐ.எஸ். 456, நனைந்த நிலையில் எப்போதாவது உறைவதையே கடுமையான சூழலாக எடுத்துக்கொண்டு, கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்30, நீர்-சிமென்ட் விகிதம் 0.45 என்கிறது. ஆனால் இடிபாட்டு ஜல்லிக்கு மேல்வரம்பு எம்25. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், அங்கே நனைந்து உறையும் கம்பி உறுப்புகளில் இந்த ஜல்லிக்கு இடமே இல்லை. தனியாக ஒரு தடை எழுதப்படவில்லை. இரண்டு விதிகள் சேர்ந்து தடுத்துவிடுகின்றன. இன்று நம் இடிபாட்டின் மூலம் யாருக்கும் தெரியாத நிலையில் இந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். அதே ஐ.எஸ். 456, எம்50க்குக் கீழே 20 மி.மீ. ஜல்லிக் கான்கிரீட்டில் 5 சதவீதம் காற்று கேட்கிறது. எம்50க்கு மேல் அந்தக் கட்டாயம் இல்லை. நாளை இடிபாட்டு ஜல்லியின் வரம்பை உயர்த்தினால், இந்தச் சலுகையை அதற்கும் அப்படியே நீட்டிவிடக் கூடாது.

இடிக்கும் முன்னால்

மூலம் தெரிய வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு காலம்தான் உண்டு, அது கட்டடம் நின்றுகொண்டிருக்கும்போது. ஒவ்வொரு வகை உறுப்பிலிருந்தும் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து வலிமை, நீர் உறிஞ்சும் அளவு, குளோரைடு, சல்பேட் பாருங்கள். ஒரு துண்டை மெருகேற்றி நுண்ணோக்கியில் குமிழ் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். செலவு அதிகமில்லை. ஜிப்சம் பூச்சையும் செங்கல் சுவரையும் முதலில் தனியாக இறக்கிவிட்டு, கான்கிரீட் எலும்புக்கூட்டைக் கடைசியில் உடைக்கச் சொல்லி இடிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வெளிப்புற உறுப்புகளின் துண்டுகளை வேறு குவியலில் கொட்டச் சொல்லுங்கள். இடிப்பவர் கூடுதலாகக் கேட்பார், கொடுங்கள். கட்டமைப்புப் பொறியாளரை இடிப்பு முடிந்த பிறகு அழைப்பதுதான் இப்போது பரவலான வழக்கம். அதை மாற்றி, கோர் எடுக்கும் நாளிலேயே அவரை மனைக்குக் கூப்பிடுங்கள்.